365 படி, 365 கிராம் சூடம்: மோல் என்னும் கணக்கு

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில், வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்த வழக்கப்படி, பஜனைக் குழுவினர் படிக்குப் படி நின்று திருப்புகழ் பாடி, சூடம் ஏற்றி மேலே போகிறார்கள். நேர்த்திக்கடனாகப் படிபூஜை செய்பவர்களை மற்ற நாட்களிலும் பார்க்கலாம். படிக்கு மஞ்சள், குங்குமம், ஒரு சூட வில்லை.

கணக்குக்காக, படிக்கு ஒரு கிராம் சூடம் என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து உச்சி வரை மொத்தம் 365 கிராம். அரைக் கிலோகூட இல்லை. அது மிச்சமில்லாமல் முழுவதும் எரிந்தால் எவ்வளவு கரியமில வாயு வரும்? சூடம் தடயமே இல்லாமல் தீர்ந்துபோகிற பொருள் என்பதால் சிலர் "ஒன்றும் வராது" என்பார்கள். கொஞ்சம் யோசிப்பவர்கள் "365 கிராமுக்குள்தான் இருக்கும்" என்பார்கள். சரியான விடை சுமார் 1,056 கிராம். அதோடு 346 கிராம் நீராவி. ஏற்றியது 365 கிராம். வெளிவந்தது 1,402 கிராம்.

கூடுதலாக வந்த 1,037 கிராம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. தீபம் எரியும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட ஆக்சிஜன் அது. படிக்கட்டில் தராசு வைத்து யாரும் இதை நிறுத்துப் பார்க்கவில்லை. ஒரு தாளும் பென்சிலும் 12, 1, 16 என்ற மூன்று எண்களும் போதும். 12 கார்பனின் அணு நிறை, 1 ஹைட்ரஜனுடையது, 16 ஆக்சிஜனுடையது.

நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'அணுக்களும் மூலக்கூறுகளும்' என்ற பாடத்தில் அணு நிறை, மூலக்கூறு நிறை, மோல், அவகேட்ரோ எண் என்று வரிசையாக வரும். பல மாணவர்கள் வேதியியலைக் கைகழுவுகிற இடம் அது. சூத்திரத்தில் எதை எதால் வகுப்பது என்பதை மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே சொல்லப்படுவது ஒரே ஒரு விஷயம்தான். அணுக்களை எண்ண முடியாது, நிறுக்க முடியும். ஆகவே நிறுத்தே எண்ணிவிடலாம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வெறும் பெருக்கலும் வகுத்தலும்தான்.

உண்டியல் சில்லறை

கோயில் உண்டியலைத் திறந்து சில்லறையைக் கொட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டு வரிசை நாணயங்களில் ஒரு ரூபாய்க் காசின் எடை 3.79 கிராம், பத்து ரூபாய்க் காசு 7.71 கிராம். வகை பிரித்துவிட்டால் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. ஒரு ரூபாய் மூட்டை 3.79 கிலோ இருந்தால் அதில் 1,000 காசு. பத்து ரூபாய் மூட்டை 7.71 கிலோ இருந்தால் அதிலும் 1,000 காசு. எடை வேறு வேறு, எண்ணிக்கை ஒன்றே.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரு காசு எத்தனை கிராம் என்றே தெரியாது, பத்து ரூபாய்க் காசு ஒரு ரூபாய்க் காசைப்போல் 2.03 மடங்கு கனம் என்பது மட்டும் தெரியும் என்று வையுங்கள். அப்போதும் சம எண்ணிக்கையில் இரண்டு மூட்டை கட்டிவிட முடியும். ஒன்று எவ்வளவு கனமோ அதைப்போல் மற்றது 2.03 மடங்கு கனமாக இருந்தால் சரி. மூட்டைக்குள் எத்தனை காசு என்று தெரியாது. ஆனால் இரண்டிலும் ஒரே எண்ணிக்கை என்பது உறுதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலார் சரியாக இந்த நிலையில்தான் இருந்தார்கள். ஒரு ஹைட்ரஜன் அணு எத்தனை கிராம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் கார்பன் அணு ஹைட்ரஜனைப்போல் ஏறக்குறைய 12 மடங்கு, ஆக்சிஜன் 16 மடங்கு, தங்கம் 197 மடங்கு கனம் என்று படிப்படியாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த மடங்குதான் அணு நிறை. எனவே 1 கிராம் ஹைட்ரஜன், 12 கிராம் கார்பன், 16 கிராம் ஆக்சிஜன், 197 கிராம் தங்கம் ஆகிய நான்கிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. 197 கிராம் என்றால் 24 சவரனுக்கும் கொஞ்சம் அதிகம். 12 கிராம் கரித்துண்டு ஒரு பிடிகூட இராது. ஆனாலும் இரண்டிலும் அதே எண்ணிக்கை.

அணு நிறைப் பட்டியலைப் பார்க்கும் மாணவருக்கு ஒரு சந்தேகம் வரும். கார்பன் 12.011, குளோரின் 35.45 என்று ஏன் தசமத்தில் இருக்கின்றன? அரை அணு, கால் அணு என்று உண்டா? இதற்கும் சில்லறையே விடை சொல்லும். 2019 வரிசையில் வந்த புதிய ஒரு ரூபாய்க் காசின் எடை 3.09 கிராம்தான். உண்டியலில் பழையதும் புதியதும் கலந்தே விழுகின்றன. நூறு காசில் 75 பழையது, 25 புதியது என்றால் சராசரி எடை 3.615 கிராம். அந்த எடையில் காசு ஒன்றுகூட இல்லை. ஆனால் மூட்டையை நிறுத்து எண்ணுவதற்கு அந்தச் சராசரிதான் வேண்டும். குளோரினும் அப்படியே: இயற்கையில் நூற்றுக்குச் சுமார் 76 அணு 35 நிறையிலும், 24 அணு 37 நிறையிலும் இருக்கின்றன. மதிப்பில் மாற்றமில்லை, எடையில் மட்டும் வித்தியாசம். இவைதான் ஐசோடோப்புகள். 35.45 என்பது அவற்றின் சராசரி. கார்பனிலும் நூற்றுக்கு ஒன்று போல 13 நிறையுள்ள அணு கலந்திருப்பதால்தான் 12க்குப் பின்னால் அந்த 0.011.

இரண்டு 16கள்

மடங்கு என்றால் எதற்கு மடங்கு என்ற கேள்வி வரும். ஜான் டால்டன் மிக லேசான ஹைட்ரஜனை 1 என்று வைத்தார். பிறகு, பெரும்பாலான தனிமங்களோடு எளிதில் சேர்கிறது என்பதால் ஆக்சிஜனை 16 என்று வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. ஐசோடோப்புகள் தெரியவந்ததும் சிக்கல் முளைத்தது. காற்றில் இருக்கும் கலப்பு ஆக்சிஜனின் சராசரியை வேதியியலார் 16 என்றார்கள். ஆக்சிஜனின் ஒரே ஒரு ஐசோடோப்பை மட்டும் எடுத்து அதை 16 என்றார்கள் இயற்பியலார். இரண்டு அளவுகோலுக்கும் இடையே பத்து லட்சத்துக்கு 275 என்ற அளவில் வித்தியாசம். சிறியதுதான், ஆனால் நுட்பமான அளவீட்டில் கழுத்தை அறுக்கும்.

திருத்தணிக்காரர்களுக்கு 1960 மறக்க முடியாத ஆண்டு. வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் இடையிலிருந்த எல்லைத் தகராறும் அதே சமயத்தில்தான் தீர்ந்தது. 1960இல் சர்வதேச இயற்பியல் ஒன்றியமும், 1961இல் சர்வதேச வேதியியல் ஒன்றியமும் புதிய அளவுகோலை ஏற்றுக்கொண்டன. ஆக்சிஜனை இரு தரப்பும் விட்டுக்கொடுத்தன. கார்பனின் 12 நிறையுள்ள ஐசோடோப்பு சரியாக 12 என்று தீர்மானமானது. இன்று உலகம் முழுவதும் அச்சாகும் அணு நிறைப் பட்டியல்கள் அந்த உடன்பாட்டின் மேல் நிற்பவை.

602 கோடி கோடி கோடி

அணு நிறை என்பது வெறும் மடங்கு. அதற்கு அலகு இல்லை. அதே எண்ணைக் கிராமில் நிறுத்து எடுத்தால் கிடைக்கும் குவியலில் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை அணு இருக்கும். அந்த எண்ணிக்கைக்குத்தான் ஒரு மோல் என்று பெயர். அந்தக் குவியலின் எடை மோலார் நிறை. கார்பனின் அணு நிறை 12 என்றால் அதன் மோலார் நிறை மோலுக்கு 12 கிராம். எண் அதே, பொருள் வேறு. முதலாவது ஒரு அணுவைப் பற்றிச் சொல்கிறது. இரண்டாவது தராசுத் தட்டில் வைக்கக்கூடிய குவியலைப் பற்றிச் சொல்கிறது.

அந்த எண்ணிக்கை 6.022 × 10²³. இதுதான் அவகேட்ரோ எண். நம் வழக்கில் சொன்னால் 602 கோடி கோடி கோடி. ஏன் இப்படி ஒரு முரட்டு எண்? அணு அவ்வளவு சிறியது, கிராம் அவ்வளவு பெரியது, அவ்வளவுதான். இயற்கைக்கு இந்த எண்ணோடு தனிப்பட்ட உறவு எதுவும் இல்லை. கிராமுக்குப் பதிலாக எட்டு கிராம் சவரனை அடிப்படை அலகாக வைத்து உலகம் வேதியியல் வளர்த்திருந்தால், இந்த எண் எட்டு மடங்காக இருந்திருக்கும். பாடமும் அப்படியே நடந்திருக்கும்.

மூலக்கூறுக்கும் இதே கணக்குதான். சேர்ந்திருக்கும் அணுக்களின் நிறைகளைக் கூட்ட வேண்டும். தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்: 2 + 16 = 18. ஆகவே 18 கிராம் தண்ணீர் ஒரு மோல். ஒரு மடக்குகூட வராது. சமையல் உப்பில் சோடியம் 23, குளோரின் 35.45: ஒரு மோல் சுமார் 58.5 கிராம். சர்க்கரை மூலக்கூறு பெரியது. அதன் ஒரு மோல் 342 கிராம்.

மாணவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. "ஒரு மோல் ஆக்சிஜன் எத்தனை கிராம்?" என்றால் 16 என்பார் ஒருவர், 32 என்பார் இன்னொருவர். கேள்வியே அரைகுறை. ஆக்சிஜன் அணுக்கள் ஒரு மோல் என்றால் 16 கிராம். காற்றில் ஆக்சிஜன் இரண்டிரண்டு அணுவாகச் சேர்ந்த மூலக்கூறாகவே இருக்கிறது; அந்த மூலக்கூறுகள் ஒரு மோல் என்றால் 32 கிராம். மோல் என்று சொன்னால் எதன் மோல் என்றும் சொல்ல வேண்டும். ஆயிரம் என்று மட்டும் சொன்னால் ஆயிரம் எது என்று கேட்போமே, அதுபோல.

சூடத்தின் கணக்கு

இனி சூடத்துக்கு வருவோம். ஒரு சூட மூலக்கூறில் பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். 120 + 16 + 16 = 152. ஆக 152 கிராம் சூடம் ஒரு மோல். ஒரு படியில் ஏற்றும் ஒரு கிராம் வில்லையில் 152இல் ஒரு பங்கு மோல். அதாவது ஏறத்தாழ 4 கோடி கோடி கோடி மூலக்கூறுகள். உலகத்தில் உள்ள 800 கோடிப் பேருக்கும் பங்கு வைத்தால் ஆளுக்கு 50,000 கோடி கிடைக்கும்.

சூடத்தை ஏற்றாமல் திறந்து வைத்தாலும் அது தானாகக் கரைந்துபோகும். திடநிலையிலிருந்து உருகாமலே நேராக ஆவியாகிறது. அதனால்தான் வீட்டில் சூட டப்பாவை இறுக மூடி வைக்கிறோம். கூடவே நாலு மிளகு போட்டு வைப்பவர்களும் உண்டு. பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரமுள்ள ஒரு மண்டபத்தில் ஒரே ஒரு கிராம் சூடம் ஆவியாகிச் சீராகப் பரவிவிட்டது என்று வையுங்கள். அங்கே நீங்கள் இழுக்கும் சாதாரண மூச்சில் அரை லிட்டர் காற்று போகும். அந்த ஒரு மூச்சில் சுமார் 40 கோடி கோடி சூட மூலக்கூறுகள் மூக்குக்குள் போகின்றன. மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்ததும் வாசனை தட்டுவதில் வியப்பென்ன?

இப்போது தீக்குச்சியைக் கிழிப்போம். எரிதல் என்றால் சூடத்தின் கார்பன் முழுவதும் கரியமில வாயுவாகவும் ஹைட்ரஜன் முழுவதும் தண்ணீராகவும் மாறுவது. ஒரு சூட மூலக்கூறில் பத்து கார்பன் இருப்பதால் பத்து கரியமில வாயு மூலக்கூறு வரும். பதினாறு ஹைட்ரஜன் இருப்பதால் எட்டு தண்ணீர் மூலக்கூறு. இவற்றுக்கு மொத்தம் 28 ஆக்சிஜன் அணு தேவை. ஒன்று சூடத்திடமே இருக்கிறது; மீதி 27 காற்றிலிருந்து வர வேண்டும். காற்றில் அது இரட்டையாகவே கிடைப்பதால், இரண்டு சூட மூலக்கூறுக்கு 27 ஆக்சிஜன் மூலக்கூறு என்று கணக்கு நேராகிறது.

இதுவரை எண்ணிக்கைக் கணக்கு. எடைக்கு மாற்ற மோலைக் கொண்டு பெருக்கினால் போதும். 365 கிராம் சூடம் என்பது 365ஐ 152ஆல் வகுக்க, 2.4 மோல். அதிலிருந்து பத்து மடங்கு, 24 மோல் கரியமில வாயு. அதன் மோலார் நிறை 12 + 32 = 44. எனவே 24 × 44 = 1,056 கிராம். தண்ணீர் 19.2 மோல், அதை 18ஆல் பெருக்க 346 கிராம். ஆக்சிஜன் 32.4 மோல், 32ஆல் பெருக்க 1,037 கிராம். வரவு 365 + 1,037 = 1,402. செலவு 1,056 + 346 = 1,402. கணக்கு கச்சிதமாக நேராகிறது. நிஜத்தில் சூடம் கொஞ்சம் புகையும் கரியுமாகவே எரியும். படியில் படியும் அந்தக் கரி எரியாமல் தப்பிய கார்பன். அந்த அளவுக்கு வாயு குறையும்.

சூடம் தயாரிப்பவர்களுக்கும் இதே கணக்குதான் சோறு போடுகிறது. இன்று கடையில் கிடைக்கும் சூடத்தில் பெரும்பகுதி, பைன் மரத்துப் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்யப்படுகிறது. அந்த எண்ணெயில் உள்ள பைனீன் என்ற பொருளின் மோலார் நிறை 136. ஒரு மோல் பைனீனிலிருந்து அதிகபட்சம் ஒரு மோல் சூடம் வரலாம். 136 கிலோவுக்கு 152 கிலோ. ஒரு டன்னுக்குச் சுமார் 1,117 கிலோ. ஆலையில் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைகிறது என்பதைப் பார்த்துத்தான் எந்தக் கட்டத்தில் சரக்கு வீணாகிறது என்று தேடுகிறார்கள்.

எண்ணாமலே நூறு ஆண்டு

12, 1, 16 என்ற அந்த மூன்று எண்கள் எளிதில் வந்துவிடவில்லை. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று டால்டன் நினைத்தார். அப்படி நினைத்தால் ஆக்சிஜனின் அணு நிறை இன்றைய மதிப்பில் பாதியாகிவிடும். மூலக்கூறில் எத்தனை அணு என்று தெரியாமல் அணு நிறை சரியாக வராது. அணு நிறை தெரியாமல் எத்தனை அணு என்றும் சொல்ல முடியாது. முட்டையா கோழியா என்ற நிலை.

இதற்கு வழி சொன்னவர் இத்தாலியின் அமெடியோ அவகேட்ரோ. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள எந்த வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்று 1811இல் எழுதினார். அப்படியானால் வாயுவை நிறுத்தே மூலக்கூறின் கனத்தைக் கண்டுவிடலாம். ஒரு லிட்டர் ஆக்சிஜன் ஒரு லிட்டர் ஹைட்ரஜனைப்போல் 16 மடங்கு கனம் என்றால் மூலக்கூறும் 16 மடங்கு கனம். ஆனால் ஐம்பது ஆண்டு காலம் அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியல் மாநாட்டில், அவகேட்ரோவின் நாட்டுக்காரரான ஸ்டானிஸ்லாவோ கன்னிசாரோ அந்தக் கருத்தைக் கொண்டு அணு நிறைகளை ஒழுங்குபடுத்திக் காட்டினார். அங்கே இருந்தவர்களில் ஒருவர் மெண்டலீவ். சரியான அணு நிறைகள் கைக்கு வந்த பின்புதான் 1869இல் அவருடைய தனிம அட்டவணை பிறந்தது.

கவனியுங்கள்: அவகேட்ரோவுக்கு அவகேட்ரோ எண் தெரியாது. மூட்டையில் எத்தனை காசு என்று தெரியாமலே வேதியியல் ஏறத்தாழ நூறு ஆண்டு சிறப்பாக நடந்தது. 1908, 1909 ஆண்டுகளில் பிரான்சின் ழான் பெரன் அந்த எண்ணைத் தேடிப் பிடித்தார். நம் குடம்புளி மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் மஞ்சள் பிசினை நுண்ணிய மணிகளாக்கி நீரில் கலந்தார். மணிகள் அடியில் நெருக்கமாகவும் மேலே போகப் போக அருகியும் நிற்கின்றன. காற்று மலையேற மெலிவதும் இதே விதிப்படிதான். நுண்ணோக்கியில் ஒவ்வொரு மட்டத்திலும் மணிகளை எண்ணி, ஒரு மணி ஒரு வாயு மூலக்கூறைப்போல் எத்தனை மடங்கு கனம் என்று கணக்கிட்டார். மணியின் எடை தெரியும் என்பதால் மூலக்கூறின் எடையும் வந்துவிட்டது. அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 7 × 10²³. அந்த எண்ணுக்கு அவகேட்ரோவின் பெயரைச் சூட்டியவரும் அவர்தான். 1926இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதன் பிறகு எண் துல்லியமாகிக்கொண்டே வந்தது. கடைசியில், 28 நிறையுள்ள சிலிக்கன் ஐசோடோப்பை மட்டும் பிரித்து, ஒரு கிலோ எடையில் சுமார் 94 மில்லிமீட்டர் விட்டமுள்ள பளபளப்பான உருண்டையாகக் கடைந்து, எக்ஸ் கதிரால் அணுக்களின் இடைவெளியை அளந்து எண்ணினார்கள். 2019 மே 20 முதல் மோலுக்குப் புதிய வரையறை: 6.02214076 × 10²³. இனி அது அளந்து திருத்தும் எண்ணாக இல்லாமல், நிலையாக வைத்த எண்ணாக இருக்கும்.

சூடமே எண்ணிச் சொன்னது

சூடத்துக்கு வேதியியலில் இன்னொரு பெருமையும் உண்டு. வாயுவாக மாற்ற முடியாத பொருள்களின் மோலார் நிறையை எப்படிக் காண்பது? 1922இல் கார்ல் ராஸ்ட் என்ற ஜெர்மானியர் சூடத்தைக் கொண்டு ஒரு சுருக்கு வழி சொன்னார்.

ஒரு தூய பொருளில் வேற்றுப் பொருளைக் கலந்தால் அதன் உருகுநிலை இறங்கும். வேற்று மூலக்கூறுகள் குறுக்கே நிற்பதால் திரவம் மறுபடி திடமாக ஒழுங்குபடுவது கடினமாகிறது. எவ்வளவு இறங்கும் என்பது கலந்தது எது என்பதைவிட எத்தனை மூலக்கூறு என்பதைப் பொறுத்தது. அதாவது உருகுநிலை எண்ணுகிறது. ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். சூடத்தில் அதே ஒரு மோலுக்குச் சுமார் 40 டிகிரி இறங்கும். சூட மூலக்கூறு உருண்டை வடிவம். அது உருகுவதற்குக் கொஞ்சம் வெப்பமே போதும். அதனால்தான் இந்த வேகமான இறக்கம்.

செய்முறை கைக்கு அடக்கமானது. 200 மில்லிகிராம் சூடம், 20 மில்லிகிராம் சோதனைப் பொருள். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் உருக்கிக் கலந்து, ஆறவைத்துப் பொடித்து, நூல் பருமனுள்ள கண்ணாடிக் குழாயில் போடுகிறார்கள். சூடம் ஓடிவிடும் என்பதால் குழாயின் வாயைச் சூடாக்கி மூடிவிட வேண்டும். பிறகு வெப்பமானியோடு சேர்த்துச் சூடேற்றுகிறார்கள். தூய சூடம் சுமார் 178 டிகிரியில் உருகும்; இந்தக் கலவை 147 டிகிரியிலேயே தெளிந்து உருகிவிடுகிறது. இறக்கம் 31 டிகிரி. 40க்கு ஒரு மோல் என்றால் 31க்கு 0.78 மோல். கலவையின் விகிதப்படி ஒரு கிலோ சூடத்துக்கு 100 கிராம் நாப்தலீன். 100 கிராம் என்பது 0.78 மோல் என்றால் ஒரு மோல் 128 கிராம். நாப்தலீனில் பத்து கார்பன், எட்டு ஹைட்ரஜன்; 120 + 8 = 128. ஒரு சிட்டிகைப் பொருளும் சாதாரண வெப்பமானியும் இருந்தால் மூலக்கூறின் எடை கையில் வந்துவிடும். பல கருவிகள் வந்த பிறகும் பி.எஸ்சி. வேதியியல் ஆய்வகங்களில் ராஸ்ட் முறைச் சோதனை உயிரோடு இருப்பதற்குக் காரணம், மூலக்கூறுகள் எண்ணப்படுவதை அது கண்ணால் பார்க்க வைப்பதுதான்.

பொட்டலத்திலும் ரத்தத்திலும்

மோல் தேர்வுத்தாளோடு நின்றுவிடுவதில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வெயிலில் மலையேறிச் சோர்ந்தவருக்கும், வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தி வெளியிட்ட அளவின்படி ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு. கிராமில் பார்த்தால் குளுக்கோஸ்தான் மலைபோல் தெரிகிறது. மோலில் பாருங்கள். குளுக்கோஸ் 75 மில்லிமோல். உப்பிலிருந்து சுமார் 45, சிட்ரேட்டிலிருந்து சுமார் 30, ஆக சோடியமும் 75 மில்லிமோல். சரிக்குச் சரி. குடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் புரதம் இருக்கிறது. அவற்றின் பின்னால் தண்ணீர் வருகிறது. அந்தப் புரதத்துக்குக் கிராம் தெரியாது. எண்ணிக்கை மட்டுமே தெரியும். பொட்டலத்தில் பாதியைப் போட்டு முழு லிட்டரில் கரைப்பதும், முழுப் பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைப்பதும் தவறு; ஒரு லிட்டரில் இருக்க வேண்டிய எண்ணிக்கை மாறிவிடும்.

இன்னொன்று, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் நடப்பது. இங்கே அப்பாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 126 என்கிறது பரிசோதனைக் கூடம். லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் மகன் தனக்கு 7 என்கிறான். "உனக்கு ஏழுதானா, ரொம்பக் குறைவா இருக்கேப்பா" என்று இங்கே பதறுவார்கள். இரண்டும் ஒரே அளவு. இங்கே நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். அங்கே ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்கிறார்கள். குளுக்கோஸின் மோலார் நிறை 180. 126 மில்லிகிராம் ஒரு லிட்டருக்கு 1,260 ஆகும். அதை 180ஆல் வகுத்தால் 7. சுருக்கமாக, நம் எண்ணை 18ஆல் வகுத்தால் அவர்கள் எண். அந்த 18 எங்கிருந்து வந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும். வெறும் வயிற்றில் 126 என்றாலும் 7 என்றாலும் நீரிழிவின் எல்லைக்கோடு அதுதான். ஆகவே குறைவென்று நிம்மதி அடையவும் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோல் பாடத்தைச் சூத்திரத்தில் தொடங்காதீர்கள். ஒரு மின்தராசும் நாலு கிண்ணமும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். 18 கிராம் தண்ணீர், 58.5 கிராம் உப்பு, 152 கிராம் சூடம், 342 கிராம் சர்க்கரை என்று பிள்ளைகளையே நிறுத்து வைக்கச் சொல்லுங்கள். சூடம் நஞ்சு என்பதால் யாரும் வாயில் போட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று அரைக்கால் தம்ளர், ஒன்று கிண்ணம் நிறைய. தண்ணீரில் எத்தனை மூலக்கூறோ அத்தனை மூலக்கூறு சூடத்திலும் சர்க்கரையிலும் இருக்கின்றன. உப்பில் அத்தனை சோடியமும் அத்தனை குளோரினும் இருக்கின்றன. இதைக் கையால் நிறுத்து, கண்ணால் பார்த்த பிள்ளைக்குச் சூத்திரம் மறுநாள் வந்தால் போதும். அது மறக்காது.